லோடு அதிகம்

வாங்கிப் பதினோரு மாதமே ஆன எங்கள் டிரெய்லர் வீட்டின் அடிச்சட்டம் இரண்டாவது முறையாக விரிசல் விட்டிருந்தது. இண்டியானாவில் கம்பெனி ஒர்க்‌ஷாப் ஆள் டாரில் அதை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தான்.

"ஏழாயிரம் பவுண்டுதான் தாங்கும். நீங்க எட்டாயிரம் ஏத்தியிருக்கீங்க. லோடு அதிகம், வாரண்டி கிடையாது."

"என் சட்டி பானையா அவ்வளவு கனம்? இரு, காட்டறேன்!" என்று கத்தினாள் என் மனைவி ரோண்டா.

மெத்தை, அடுப்பு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். கடைசியில் உப்பு டப்பாவைக்கூட அவள் வெளியே வீசினாள். மேடை அதே எட்டாயிரத்தைக் காட்டியது.

"உன் மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றாள் ரோண்டா.

டாரில் மேடையில் ஏறி நின்றான். அவன் எடை மட்டும் சரியாகக் கூடியது.

"அப்ப நீயே வச்சு அழு!" ரோண்டா டிரெய்லர் சாவியை அவன்மேல் விட்டெறிந்தாள். டிரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டு, அதை இழுத்து வந்த பிக்கப் வண்டியில் கிளம்பினோம்.

ஐந்து நிமிடத்தில் டாரில் போன் செய்தான். "மேடம், நீங்க போனதும் எடை பாதியா இறங்கிடுச்சு. வாரண்டி தர்றோம்."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே, பித்தலாட்டக்காரா!" அவள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் இப்படி ஆமை மாதிரி ஊர்ற?"

ஆக்ஸிலரேட்டரை நான் அடிவரை மிதித்திருந்தேன். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, எதையும் இழுக்காத கொக்கி தார்ச்சாலையை உரசித் தீப்பொறி பறக்க வந்துகொண்டிருந்தது.