நான்கு கிலோ

பதினைந்து மில்லியன் செல் குறைகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது, பூபதி ஊசி குத்திய கையை மடக்கியபடி நின்றிருந்தான்.

தங்கை தமிழ்செல்விக்கு நாளை கீமோ. அது முடிந்ததும், அண்ணன் ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்லை அவளுக்கு ஏற்ற வேண்டும். அவள் எடையில் கிலோவுக்கு ஐந்து மில்லியன் என்று கணக்கு. தாளில் அவள் நாற்பத்து நான்கு கிலோ. அதற்கு இருநூற்று இருபது வேண்டும். இந்தப் பெங்களூரு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மெஷினோடு கிடந்து பூபதி கொடுத்தது இருநூற்று ஐந்து.

"மறுபடி எடுத்துக்கோங்க மேடம்."

"உங்க பிளேட்லெட் எறங்கிருச்சு. இப்ப தொட முடியாது. ரெண்டு மாசம் தள்ளிப் போடணும்."

செல்வி ரெண்டு மாசம் தாங்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

செல்வியைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றச் சொன்னார் நர்ஸ். பூபதி குனிந்து தூக்கினான்.

தூக்கியவன் இறக்கவில்லை.

"விடுண்ணா. என்ன, லாரியில ஏத்தப் போறியா?" என்றாள் செல்வி.

சூளகிரி மண்டியில் பத்தொன்பது வருஷமாகத் தக்காளி கிரேட் தூக்குகிறவன். தராசு சொல்வதற்கு முன்னால் அவன் முழங்கை சொல்லிவிடும். வியாபாரிகளே சந்தேகம் வந்தால் அவனைத்தான் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள்.

"மேடம், இது நாப்பத்தி நாலு இல்ல."

"காலையில நிறுத்தி எழுதினது."

"நாப்பதுதான். மிஞ்சிப் போனா அரைக் கிலோ கூட இருக்கும்."

நர்ஸ் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே எடை மெஷினைத் தள்ளி வந்தார். செல்வியைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டு, கையை எடுத்தார்கள்.

நாற்பது புள்ளி இரண்டு.

டாக்டரம்மா தாளின் ஓரத்தில் பெருக்கினார். இருநூற்று ஒன்று. நம்பாமல் இன்னொரு தரம் பெருக்கினார்.

"போதும்," என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்குக் கீமோவும் அந்த நாப்பத்தி நாலுக்குத்தான் எழுதி வச்சிருந்தேன்."

பூபதி சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அப்ப காலையில எப்படிம்மா நாலு கிலோ கூடுச்சு?" என்று டாக்டரம்மா செல்வியைக் கேட்டார்.

செல்வி தன் பையிலிருந்து முடிச்சுப் போட்ட துண்டை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இரண்டு கிலோ இரும்பு எடைக்கல் இரண்டு. மேலே மண்டியின் மஞ்சள் பெயிண்ட்.

"எளைச்சிருந்தா ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயம் மேடம். நைட்டிக்குள்ள இடுப்புல கட்டிக்கிட்டேன்."

"யாரு குடுத்த யோசனை இது?"

செல்வி ஜன்னலைப் பார்த்தாள். பூபதி தன் செருப்பைப் பார்த்தான்.

டாக்டரம்மா இன்னொரு ஃபைலைப் புரட்டினார். செல் கொடுக்க வந்த முதல் நாள் எழுதியது. பூபதி, ஐம்பத்தொரு கிலோ. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் செல் எடுக்க மாட்டார்கள்.

"ஏறுங்க," என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

நாற்பத்தேழு.