நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்

இந்த எண்கள் இன்டர்நெட்டுக்குத்தான் என்றால் என் கண் முன்னாலேயே போட்டுக் காட்டு என்று பொலிஸ் சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார்.

சொல்லிவிட்டு அந்தத் துண்டுக் கடதாசியை என் லெப்டொப்பின் மேல் வைத்தார்.

கடதாசியில் இருந்தது என் கையெழுத்துதான். 192.168.1.112. அதன் கீழே இன்னும் இரண்டு வரி எண்கள். காலையில் நோர்வூட் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது கிருஷாந்தனின் சட்டைப்பையில் அகப்பட்டது.

கிருஷாந்தன் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவன். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். யுத்தம் நடந்த இரண்டாயிரத்து எட்டில் அந்த விலாசத்தோடு இப்படி ஒரு கடதாசியும் சேர்ந்தால் வேறு என்ன வேண்டும்? பொழுது சாயுமுன் ஜீப் வரும், கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த ஜீப்பில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

சுவரோரம் மர வாங்கில் கிருஷாந்தன் குந்தியிருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

கணினி வகுப்பு எடுப்பவன் நான். பிள்ளைகள் எதையாவது தட்டி லெப்டொப்பில் இன்டர்நெட்டுக்காகப் போட்டிருக்கும் எண்களை அழித்துவிடுவார்கள். நான் இல்லாத நாளில் திரும்பப் போட்டுக்கொள் என்று அவனுக்கு எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் விஷயம். அதை விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

நல்லவேளை, செல்லசாமி இருந்தான். நோர்வூட் பக்கம் எங்கே இன்டர்நெட் எடுத்தாலும் வந்து வயர் இழுத்துப் பூட்டுகிறவன் அவன்தான். எங்கள் பாடசாலையிலும் அவன்தான் பூட்டினான். தகவல் கேட்டதும் என்னையும் லெப்டொப்பையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்து வந்தான். பொலிஸுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் நின்றுகொண்டான்.

“பயப்படாம போங்க சேர். தம்பிய கூட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறோம்.”

பொலிஸ் கணினிக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் தந்தார்கள். இன்டர்நெட் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து லெப்டொப்பில் செருகினேன். பிள்ளைகள் வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்துத்தான் வைத்திருந்தார்கள். கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். விரல் வியர்த்து இரண்டு தடவை பிழையாக விழுந்தது. சார்ஜன்டின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

ஓகே கொடுத்தேன்.

இந்த எண் ஏற்கெனவே வேறு கணினியில் இருக்கிறது என்று லெப்டொப் சொன்னது.

அதே நேரம் பக்கத்திலிருந்த பொலிஸ் கணினியும் ‘டங்’ என்றது. அங்கேயும் ஒரு பெட்டி எழும்பியது. டைப் அடிக்கும் கான்ஸ்டபிள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு தன் கணினிக்குள் எதையோ திறந்து பார்த்தான். திரும்பிச் சார்ஜன்டைப் பார்த்தான்.

192.168.1.112.

பொலிஸ் கணினிக்கும் அதே எண்தான்.

எங்கள் மெஷினின் நம்பர் இவன் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது என்று சார்ஜன்ட் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

“அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ,” என்றான் கிருஷாந்தன்.

முனியாண்டி சாமியை நினைத்துக்கொண்டு கடைசி எண்ணை அழித்தேன். 112 இருந்த இடத்தில் 113 போட்டேன். திரையின் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறி மறைந்தது. பத்திரிகைப் பக்கம் ஒன்று மெல்ல மெல்லத் திறந்தது, படத்தோடு.

பாருங்கள் சேர், ஒரு நம்பரில் இரண்டு மெஷின் ஓடாது, சண்டை பிடிக்கும், மாற்றினால் ஓடும், இன்டர்நெட்டுக்கான நம்பர்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அதுவரை சார்ஜன்ட் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நம்பர் ஏன் எங்கள் நம்பராக இருக்கிறது என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் பொலிஸிலேயே வேலை செய்துவிட்டு வந்தேன் என்று செல்லசாமி பீற்றிக்கொண்டானே!

சிரித்துவிட்டேன். பயமெல்லாம் ஒரேயடியாகக் கழன்று போக, வாய்விட்டுச் சிரித்தேன்.

இது பொலிஸ் நம்பரே இல்லை சேர், காளியாயி நம்பர் என்றேன். காளியாயி செல்லசாமியின் அம்மா. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவளுக்கு நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேரைச் சொல்ல மாட்டார்கள், நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். தனக்குச் சோறு போட்ட நம்பர் கைவிடாது என்று செல்லசாமிக்கு ஒரு கிறுக்கு. போகிற இடமெல்லாம் முதல் மெஷினுக்கு அதையே போட்டுவிடுவான். பாடசாலையில் போட்டான், மருந்துக் கடையில் போட்டான், இங்கேயும் போட்டிருக்கிறான். என் வாயில் சிங்களம் அப்படிச் சரளமாக வந்ததே இல்லை.

கான்ஸ்டபிள் சிரித்தான். சார்ஜன்டும் சிரித்தார். மேசை லாச்சியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து, போ என்று கிருஷாந்தனிடம் நீட்டினார். அவன் என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு வெளியே ஓடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வயரைக் கழற்றினேன். துண்டுக் கடதாசிக்குக் கை நீட்டியபோது சார்ஜன்ட் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்படியென்றால், பொலிஸ் மெஷினுக்குள் கைவைத்து, தன் நம்பரைப் போட்டு, அதே நம்பரை யாழ்ப்பாணத்துப் பையன் வரைக்கும் கொண்டுபோனது ஒரே ஆள் என்றார்.

பெயரை மறுபடி கேட்கவில்லை. அதை நான்தான் சொல்லிவிட்டேனே. எழுதிக்கொண்டார். இப்போது ஆள் எங்கே இருப்பான் என்று மட்டும் கேட்டார்.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே, கிருஷாந்தன் படியிறங்கி வருவதைக் கண்ட செல்லசாமி, கடைக்காரரிடம் மூன்று பிளேன்டீ சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, நீங்களும் வாங்க என்று கையை உயர்த்தி ஆட்டினான்.

சார்ஜன்ட் என் கண் போன பக்கம் பார்த்தார்.