தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

சர்ச்சுக்குள் நுழையக் கூச்சப்பட்டு, அதைச் சுற்றியிருந்த பழைய கல்லறைகளுக்கு நடுவே நடந்து நடந்தே நீலகண்டனுக்கு முழங்கால் விட்டுப்போனது. கல்லறையில் கால் வைத்தாயிற்று. ஸ்ரீவராகத்தில் வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்தாக வேண்டும். மத்தியானத்தில் எதற்குக் குளியல் என்று மனைவி நீலாம்பாள் கேட்டால், அதற்கும் ஒரு பொய் வேண்டும்.

“உங்களுக்கு இங்க யாரு, சாமி?” என்றார் சர்ச் காவலாளி செல்வமணி.

“பொண்ணு விஷயமா வந்தேன்.”

செல்வமணி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். “சின்ன வயசா?”

“இருபத்தாறு. அவளைத் தலைமுழுகியாச்சுன்னுதான் ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கேன். மனசு கேக்கமாட்டேங்கறது.”

“எந்த வரிசைன்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்.”

“வரிசையா? வர்ற ஞாயித்துக்கிழமை இங்கதான் ஓய் அவளுக்குக் கல்யாணம். நானும் ஆத்துக்காரியும் வரவேமாட்டோம்னு சொல்லிட்டோம். அவ கண்ணுல படாம நின்னு பாக்க ஒரு இடம் கிடைக்குமா?”

செல்வமணி துண்டை மறுபடி தலையில் கட்டினார். “கடைசித் தூணுக்குப் பின்னாடி நல்ல இடம் உண்டு. ஆனா நேத்தே ஒரு மாமி வந்து, இதே கல்யாணத்துக்கு அதைப் பாத்து வச்சிட்டுப் போயிட்டாங்க. அவங்களும் கல்லறையைச் சுத்திட்டுதான் உள்ள வந்தாங்க.”

நீலகண்டன் பக்கத்துக் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டார். நேற்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன நீலாம்பாள், திரும்பியதும் நடுமத்தியானத்தில் தலைக்குக் குளித்தாள். கேட்டதற்கு வெயில் என்றாள்.

“அந்தத் தூண் ரெண்டு பேரை மறைக்குமா ஓய்?”

“மாமியையே முழுசா மறைக்காது, சாமி. பேசாம ரெண்டு பேரும் முன்வரிசையில வந்து உக்காந்துருங்க.”