எழுபத்தொரு திங்கட்கிழமைகள்

பதினொன்று பத்துக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர் படுத்துவிட்டது.

ரூட் பார்ட்டிஷன் நூறு சதவீதம் நிரம்பிவிட்டது, இனி ஒரு வரி எழுதவும் இடமில்லை என்றது திரை. ஒரு ரிப்போர்ட்கூட அச்சாகவில்லை. வெளியே பெஞ்சுகளில் நாற்பது பேர். அறுவை அரங்கிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

சிஸ்டம்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினாறு வருடமாக அந்த சர்வர் அவர் கைக்குள்தான்.

பின்னால் நின்ற மேலாளர் சும்மா இருந்திருக்கலாம்.

"புதுப்பொண்ணு லீவுல இருக்கிற நேரமா பாத்தா இப்படி ஆகணும்?"

சிஸ்டம்காரருக்கு உதவியாக வேலைக்கு வந்து இரண்டு வருடமாகியும் அவளுக்கு அங்கே அதுதான் பெயர். பிரிண்டர் மக்கர் பண்ணினால் புதுப்பொண்ணு. பாஸ்வேர்டு மறந்தால் புதுப்பொண்ணு. அவர் மேசையைத் தாண்டிப் போய்த்தான் எல்லாரும் அவள் முன்னால் நின்றார்கள். அவள் ஊரில் இல்லாத இந்தப் பத்து நாளும் அவள் பேச்சுதான்.

வயிறு எரிந்தது அவருக்கு.

இது மட்டும் அவள் செய்த குளறுபடியாக இருந்துவிடட்டும் என்று நினைத்துக்கொண்டே தேடினார்.

இறக்கிவைத்துத் தேங்கிக் கிடந்த பழைய மென்பொருள் தொகுப்புகளைத் துடைத்தார். இயங்குதளத்தின் பயன்படாத மூன்று பழைய கர்னல்களைக் கழற்றினார். ஒன்றரை ஜிபி கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரையத் தொடங்கியது.

எதுவோ விடாமல் எழுதிக்கொண்டே இருந்தது.

கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தார். உச்சியில் ஒரே ஒரு லாக் கோப்பு. முப்பத்தெட்டு ஜிபி.

அதன் பெயரைப் படித்ததும் விரல்கள் நின்றன.

கருவிகளிலிருந்து முடிவுகளை வாங்கி அச்சுக்கு அனுப்பும் புரோகிராம் எழுதுகிற லாக் அது. புரோகிராம் அவருடையது. நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவை என்று சோதனைக்காகப் போட்டிருந்த வரியை எடுக்க மறந்திருந்தார். புதுக் கருவிகள் வந்த பிறகு கோப்பு வாராவாரம் வீங்கியிருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு நாள் ஏன் நிரம்பவில்லை?

யார் எப்போது என்ன கட்டளை கொடுத்தார்கள் என்ற பதிவைத் திறந்தார்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டேகாலுக்கு, அவர் வேலைக்கு வருவதற்கு முன்னால், அவள் கணக்கிலிருந்து அதே ஒரு வரி. அந்தக் கோப்பைக் காலி செய்கிற வரி.

எண்ணினார். எழுபத்தொரு திங்கட்கிழமைகள்.

புரோகிராமை அவள் தொடவில்லை. அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அவள் சேர்ந்த அன்றே கறாராகச் சொன்னவர் அவர்தான். தப்பு இருக்கிறது என்று அவரிடமும் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இந்நேரம் அது அவர் காதுக்கு வந்திருக்கும்.

நன்றி என்று ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தன் கண்ணில் படாமல் தன் தப்புக்கே ஒருத்தி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள் என்பதுதான் உறுத்தியது.

அவள் அடித்த அதே வரியை அவரும் அடித்தார். புரோகிராமைத் திருத்தினார். பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்த எழுபத்தொரு வரிகளையும் பதிவிலிருந்து அழித்தார்.

அதில் மிச்சமான இடம் ஆறு கிலோபைட்.

நடுவில் வெளியே போயிருந்த மேலாளர் கையில் போனோடு திரும்பி வந்தார். மனசு கேட்காமல் அவளையே கூப்பிட்டுவிட்டாராம்.

"தப்பு தன்னோடதுதான்னு அந்தப் பொண்ணே சொல்லுது சார். வாராவாரம் ஏதோ செய்யணுமாம், போறப்ப உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாளாம்."

சிஸ்டம்காரர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். நன்றாக, நிதானமாகத் தேடிப் பார்த்தார்.

நாற்பது பேரைக் காக்கவைத்தவள் மேல் அந்த முகத்தில் துளிக் கோபம் இல்லை.