ஞாயிற்றுக்கிழமை பேட்டரி

"வேலை நாள்ல ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிக்குது பாய். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா மட்டும் மதியத்துக்குள்ள செத்துடுது" என்று மௌரீன் போனை நீட்டினாள்.

நீலசந்திரா ஏரியாவில் இருந்த அந்த செல்போன் கடையின் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கணவன் டிரேவர் தன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சர்ச்ல பாதர் பிரசங்கம் பண்ணும்போதே ரீல்ஸ் பார்க்கிறவ. எந்த பேட்டரி தாங்கும்? எதுக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்."

"இன்னிக்கு நான் போனைத் தொடவே இல்லைங்க. பையிலயேதான் கிடந்துச்சு."

"ஆமா, பை ரீல்ஸ் பார்த்திருக்கும்."

கடைக்காரர் நவாஸ் செட்டிங்ஸைத் துழாவினார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு மேடம். ஹாட்ஸ்பாட் ஆன்ல இருக்கு. யாரோ உங்க நெட்டை உறிஞ்சுறாங்க, அதான் சார்ஜ் இறங்குது. அணைச்சிடறேன்."

டிரேவர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தான்.

"என்ன பாய், உங்க கடையில சிக்னலே இல்லை? கடைசி ஓவர்ல மேட்ச் நின்னுடுச்சு!"

நவாஸ் மௌரீனைப் பார்த்தார். அவள் போனை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நீங்க சொன்னதுதாங்க. எதுக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்."