நிற்காத ஒரு சர்வீஸ்

பொங்கலுக்குப் பத்து நாள் லீவு. நெருப்பெரிச்சல் சாயப்பட்டறையில் ஆட்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் ஷட்டவுன் கொடுத்துக் கால்மணி நேரமாகியும் அணையவில்லை.

"எல்லாம் நின்னுருச்சுங்க. ஒரு சர்வீஸ் மட்டும் ஓடிட்டே இருக்குதுங்க" என்றாள், வேலைக்குப் புதிதாக வந்திருந்த பிரியங்கா.

"அது என்ன கண்ணு?" என்றார் முதலாளி சுப்பையன்.

"தெரியலீங்க. முன்ன இருந்த செல்வக்குமார் அண்ணன் எழுதி வெச்ச புரோகிராமுங்க."

அவர் மறுபடியும் மகனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நித்தீஷ் எடுக்க மாட்டீங்கறான். சிநேகிதகாரங்களோட அப்பவே போயிட்டானாட்ட இருக்குது. கார்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க, மெயினையே அணைச்சுப் போடலாம்."

மெயினை இறக்கினார். திரை கறுத்தது. ஷட்டரைப் பூட்டிச் சாவியோடு காரில் போய்விட்டார்.

குன்னத்தூர் பஸ்ஸில் ஏறிய பிறகும் பிரியங்காவுக்கு மனசு கேட்கவில்லை. செல்வக்குமாரை அழைத்தாள்.

"அதுவா அம்மிணி? கெமிக்கல் ரூமுக்குள்ள போனவங்க வெளிய வர்ற வரைக்கும் சிஸ்டத்தை அணைய விடாது. கரண்ட் நின்னா அந்தக் கதவும் திறக்காது, புகை இழுக்கற ஃபேனும் ஓடாது."

"உள்ள யாருங்கண்ணா போவாங்க?"

"ரெண்டு பேரு கைரேகைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். முதலாளி, இல்லாட்டி நித்தீஷ்."