உள்ளங்கையில் மோட்டார்

இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் புகையடுப்பு விற்கும் கடையின் பின்கட்டில் கடைக்காரர், ஒரு கணவன், மனைவி என மூன்று பேர் வெகுநேரமாக நிற்கிறார்கள். தகரக் கூரை ஓட்டையில் இறங்கும் வெயில் அடுப்பின் கறுத்த மூடியில் ஒரு பொட்டாகக் கிடக்கிறது. நெருப்பு இன்னும் மூட்டவில்லை. பக்கவாட்டில் இருக்கும் மோட்டார் மட்டும் ஒரு திருகுத் தண்டைச் சுற்றி, எரிபொருளான மரத்தூள் குச்சிகளைத் தொட்டியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. கணவனும் மனைவியும் தங்கள் முதல் அடுப்பைக் குச்சி போடாமல் வெறும் தொட்டியோடு ஓடவிட்டுப் பார்த்து வாங்கினார்கள். ஒரு கல்யாண விருந்தன்று குச்சியின் பாரத்தில் மோட்டார் சூடேறி, பாதி வெந்த இறைச்சியோடு அது நின்றுபோனது. அதனால் இந்த முறை மனைவி வீட்டிலிருந்தே ஒரு மூட்டைக் குச்சி கொண்டுவந்து தொட்டி நிறையக் கொட்டியிருக்கிறாள். முதலில் சீராக இருந்த சத்தம் இப்போது மாடிப்படி ஏறுகிறவரின் மூச்சு மாதிரி இழுக்கிறது. "புதுசு இல்லையா, ஓட ஓடச் சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர், யார் முகத்தையும் பார்க்காமல். கணவன் குந்தி உட்கார்ந்து மோட்டாரின் மேல் கை வைத்திருக்கிறான். சொந்தமாகப் புகை இறைச்சிக் கடை போட வேலையை விட்டவன். கடை திறக்கும் தேதியைக்கூட ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"சுடுதா?" என்கிறாள் மனைவி.

"இல்லடி, லேசா வெதுவெதுன்னு இருக்கு."

"கைய எடுங்க, நான் பாக்கறேன்."

"அதான் சொல்றேன்ல, நல்லாத்தான் இருக்கு. இதையே வாங்கிக்கலாம்."

மோட்டார் ஒரு கணம் திணறி மறுபடி சுற்றுகிறது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெயிலுக்குத் தூக்குகிறாள். மோட்டார் உடம்பின் வரிகள் அத்தனையும் அவன் உள்ளங்கையில் சிவந்து பதிந்திருக்கின்றன.